விடியற்காலைத் தப்பு

ஹல்துமுல்லையில் போர்த்துக்கீசர் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா ஞாபகத்துக்கு வருவார். 1630 ஆகஸ்டில் படையோடு ஊவாவுக்குள் ஏறி, பதுளையைக் கொளுத்திவிட்டு, வந்த காரியம் முடிந்தது என்று திரும்பினார் மனிதர். வெல்லவாயப் பக்கம் ரன்தெனிவெலவில் அவரோடு வந்த முதலிமார் ஆட்களையும் கூட்டிக்கொண்டு கண்டி அரசன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தளபதியும் போனார், படையும் போனது. புரோகிராம் எழுதும் எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அவர் எழுதின புரோகிராமில் குற்றமில்லை. வெளியிலிருந்து இறக்கிய லைப்ரரிகளைச் சோதிக்காமல் நேரே புரொடக்ஷனில் ஏற்றிவிட்டார்.

பிறகு வந்த வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட்டார்கள். 1869-இல் இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் இலைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகத் துரு பிடித்தது. வெறும் எச்சரிக்கைதானே, எரர் இல்லையே என்று இருந்துவிட்டார்கள் போல. மஞ்சள் நிறத்தில் வரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யும் வழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. இருபது வருஷத்துக்குள் காப்பி போய்த் தேயிலை வந்தது.

தேயிலையோடு ஆட்டோமேஷனும் வந்தது. விடிவதற்கு முன்னே லயத்தடியில் தப்பு அடிப்பார்கள். அடித்து முடிவதற்குள் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். குறித்த நேரத்துக்கு வேலையைக் கிளப்பிவிடும் 'கிரான்' என்ற சாமானை லினக்ஸ்காரர் பெருமையாகக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தோட்டத்து ஆட்கள் தப்புக்குப் பயந்து தேத்தண்ணியைக் கூட முழுசாகக் குடித்ததில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். கிரான் எழுப்புகிற ஸ்கிரிப்ட், தப்புச் சத்தத்தில் பாதித் தூக்கத்தோடு எழும்புகிற ஆள் மாதிரி. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கையால் ஓட்டினால் ஓடும், கிரானில் விட்டால் முழிக்கும். கோப்பானாலும் கட்டளையானாலும் முழு விலாசம் எழுதிக் கொடுங்கள்.

பெரட்டில் ஆள் எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து, செக்ரோலில் பேர் போடுவார்கள். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கவிதை மாதிரி இருக்கிறதல்லவா, மனுசனின் பேரையே பாதியாக வெட்டுவது? ஆனால் சோதனை முறை என்று பார்த்தால் ஓட்டை பெரியது. வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று அந்தக் காலத்தில் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று சொன்னவரும் அவர் பக்கத்து ஆள்தான்.

சாயங்காலம் நிறுவை. கூடையைத் தராசில் மாட்டினால் முள் ஒன்று சொல்லும், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஒன்று விழும். சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ, வெயில் காலத்திலும் ஈரத்துக்கு இரண்டு கிலோ. கேட்டால், கணக்கு சரி. தினமும் சரி. ஒரு நாளும் தவறாத தராசு! தோல்வியே காணாத டெஸ்ட் தொகுப்பைப் பார்த்தால் எனக்கு இந்தத் தராசு நினைவு வந்து வயிறு எரியும். டெஸ்ட் எழுதியதும் முதல் வேலையாக அதைத் தோற்க வையுங்கள். கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் பச்சை விளக்கு எரிந்தால் உங்கள் தராசின் முள்ளை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள்தான். புரோகிராம் கக்கிய விடையையே எடுத்து 'எதிர்பார்த்த விடை' என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! கணக்கப்பிள்ளைக்கும் அவர்களுக்கும் சட்டைதான் வித்தியாசம்.

எனக்கும் இதில் பங்குண்டு. ஒரு வேலையிடத்தில் தரவுகளைப் பிரதி எடுக்க ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு கட்டளை தரவை எடுக்கும், அடுத்தது அதைச் சுருக்கும், நடுவில் பைப். மூன்று மாதம் 'வெற்றி' என்று பதிவாகிக்கொண்டே இருந்தது. தேவைப்பட்ட நாளில் திறந்தால் உள்ளே காற்று. முதல் கட்டளை ஆரம்பத்திலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. ஷெல்லுக்குக் கடைசி ஆள் சொல்வதுதான் வேதம். மலையில் என்ன நடந்தாலும் வரிசையின் கடைசியில் நிற்கிறவர் "எல்லாம் சரிங்க தொரை" என்றால் துரை நம்பிவிடுவார். 'பைப்ஃபெயில்' என்ற ஒரு சொல்லை ஸ்கிரிப்டின் தலையில் போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். கூடவே 'செட் மைனஸ் ஈ', 'செட் மைனஸ் யூ' இரண்டும் வேண்டும். கடைசியது மதிப்பே கொடுக்காத மாறியைக் கண்டால் நின்றுவிடும். 2015-இல் ஸ்டீம் விளையாட்டுக் கடையின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்று, தான் இருக்கும் அடைவின் பெயரை மாறியில் பிடித்து, அதற்குக் கீழே உள்ளதை அழிக்கப் பார்த்தது. மாறி வெறுமையாகிவிட்டது. எஞ்சியது ஒரு சாய்கோடு, அதாவது முழு டிஸ்க். மாறி இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத இந்த வகையை 'மைனஸ் யூ'வும் பிடிக்காது; அழிப்பதற்கு முன் நீங்களே கேட்க வேண்டும்.

அலுவலக வேலைக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் கட்டியது யார் தெரியுமா? லண்டன் தேத்தண்ணிக் கடைக்காரர்கள். லயன்ஸ் கம்பெனி! கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் செய்துகொண்டிருந்த எட்சாக் இயந்திரத்துக்கு 3,000 பவுண் கொடுத்து, அதன் வழியில் 'லியோ'வைக் கட்டி, 1951-இல் பேக்கரிக் கணக்கை ஓட்டினார்கள். தேயிலைக் கலவைக் கணக்கும் அதில் ஏறியது. எழுத்தர் ஒருவர் ஓர் ஆளின் சம்பளம் போட 8 நிமிஷம். லியோவுக்கு ஒன்றரை வினாடி. ஆனாலும் லயன்ஸின் டேவிட் கேமினர் என்ற மனிதர் அதை லேசில் நம்பவில்லை. பழைய கைக்கணக்கையும் புதிய இயந்திரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒத்துப் பார்த்த பிறகே விட்டார்கள். பழைய புரோகிராமை மாற்றி எழுதப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. பழையது தந்த விடைகளைக் கோப்பில் வைத்துக்கொண்டு, புதியதின் விடைகளை 'டிஃப்' போட்டுப் பாருங்கள். வில்க்ஸே, தன் மிச்ச ஆயுளில் பெரும்பகுதி தன் புரோகிராம்களில் தப்புத் தேடுவதிலேயே போகும் என்று 1949-இல் மாடிப்படியில் வைத்து உணர்ந்தாராம். எங்களுக்கு அது தப்பு அடிக்கும்போதே தெரியும்.

நேரத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டாம், நம் தீவே போதும். 1996 மே 25 நள்ளிரவில், கரண்டை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அந்த நாளில் இரவு 12.30 என்ற நேரமே கிடையாது. ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். வன்னியில் புலிகள் பழைய நேரத்திலேயே இருந்துகொண்டார்கள். 2006 ஏப்ரல் 15-இல், புதுவருஷப் பலகாரம் தீருமுன், இரவு 12.30 மீண்டும் 12.00 ஆனது. அன்று இரவு 12.15 இரண்டு தடவை வந்தது. உள்ளூர் நேரத்தில் இரவு 12.15-க்கு வேலை ஓட்டுகிற உங்கள் ஸ்கிரிப்டுக்கு இந்தத் தேதிகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நாள் வேலையே நடக்காது, இன்னொரு நாள் இரண்டு தரம் நடக்கும். சேமிப்பதை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றினால் தலைவலி பாதி.

நாற்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாயிக்கு இதை விளக்கினேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அந்த அர மணி ரெண்டு தரம் வந்துச்சே, அதுக்கு அரப்பேராவது போட்டாங்களா?"