‘புட் அப் வித்’ என்னுதலிற்றோ எனின்

ஆங்கில முச்சொல் வினைகளுக்குத் தமிழில் முறையான உரை இல்லாத குறை நீக்க இக்கட்டுரை எழுந்தது. அக்குறையை உணர்ந்தவர் யார் எனின், ஒருவரும் இலர். ஆராய்ச்சிக்கு அது என்றுமே தடையாக இருந்ததில்லை.

வரலாறு சுருக்கமாக. வினையோடு சிறுசொல் ஒட்டியதும் பொருள் திரிவதால் அயல்நாட்டார் படும் பாட்டை சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதி முன்னுரையிலேயே குறித்துவிட்டார். லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் இவ்வினத்தை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்றார். பெயர் ஹென்றி பிராட்லி தந்தது என்றும் சொன்னார். சிறுசொல் இரண்டானால் ‘ஃப்ரேசல் ப்ரெபொசிஷனல் வெர்ப்’ என்பது ராண்டால்ஃப் குவர்க்கும் வேறு மூவரும் 1985-இல் வெளியிட்ட, 1,700 பக்கங்களைத் தாண்டிய பேரிலக்கணத்தின் வழக்கு. படிக்கிற பிள்ளைக்கு இப்போது பாரம் இரண்டு: வினை ஒன்று, அதன் பெயர் ஒன்று.

இனி உரை. புட் அப் வித் என்பது பொறுத்துப்போதல். புட் என்றால் வை, அப் என்றால் மேலே, வித் என்றால் கூட. இம்மூன்றிலிருந்து பொறுமை எங்ஙனம் பிறந்தது என்பது கடா. விடை கூறுவார் இருதிறத்தார். உடைந்த மிக்ஸி, ஓடாத டேபிள் ஃபேன், சீர்வரிசையில் வந்த அண்டா ஆகியவற்றைத் தூக்கியெறிய மனமில்லாதவன் மேலே வைத்து, அவற்றின் கீழேயே வாழ்கிறான். இதுவே பொறுத்துப்போதல் என்பர் பரண் கொள்கையர் (பரண் விளக்கம், இடது மூலை). இதை மறுப்பர் பெர்த் கொள்கையர். பெட்டியை மேலே வைத்து, அதனோடு தானும் கால் மடக்கி விடிய விடியப் படுத்து வந்தவனுக்கே அச்சொல் உரியது என்பது அவர் துணிபு (பெர்த் விளக்கம், எஸ் 7, பக்கவாட்டு மேல், திருத்திய பதிப்பு, விழுப்புரம் தாண்டிய பின்). அண்டா பரணில் ஏறுமா என்பது பற்றி இருதரப்புக்கும் நடந்த பெருவாதம் வேறோரிடத்தில் விரிவாகக் கூறப்பட்டது (காண்க: இதே வாக்கியம்). பயன்பாட்டில் தேய்ந்து இப்படி ஆயிற்று, காரணம் தேடாமல் படித்துக்கொள் என்பாரும் உளர். அவர் கூற்று எளிதில் விளங்கிவிடுவதால் கொள்ளத்தக்கதன்று.

ஒலிக்கையில் அழுத்தம் ‘அப்’ மேல் விழும். யாரைப் பொறுத்துப்போகிறோமோ அவர் ‘வித்’துக்குப் பின்தான் வரவேண்டும், இடையில் நுழையக்கூடாது. இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும், தமக்கெனத் தனி இயக்கம் இல்லை என்று தொல்காப்பியர் சொன்னது ‘அப்’பையும் ‘வித்’தையும் மனத்தில் வைத்துத்தான் என்று நிறுவலாம். இதைவிட மெலிந்த சான்றுகளை வைத்து இதைவிடப் பெரியவற்றை நிறுவியிருக்கிறார்கள்.

லுக் ஃபார்வர்ட் டு என்பது ஆவலோடு எதிர்பார்த்தல். அலுவலகக் கடிதத்தின் கடைசி வரியில் இதன்பின் ‘ஹியர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார் பலர். பிழை. இந்த ‘டு’, ‘கேட்க’ என்னும் பொருள்படும் ‘டு ஹியர்’ என்ற எச்சத்தில் உள்ள ‘டு’ அன்று. நம் ‘கு’ உருபு போன்றது. உருபை ஏற்பது பெயர் அல்லவா? தொழிலையும் பெயராக்கித்தான் கொடுக்கவேண்டும். ஆகவே ‘ஹியரிங்’. இந்தப் பத்தியில் மட்டும் விளையாட்டில்லை, மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ரன் அவுட் ஆஃப் என்பது கையிருப்புத் தீர்தல். கிரிக்கெட்டுக்கு இதில் பங்கில்லை. லுக் டவுன் ஆன் என்பது இளக்காரமாகப் பார்த்தல், அதாவது இவ்வினைகளைச் சரியாகச் சொல்பவர் மற்றவரைப் பார்ப்பது. கெட் ரவுண்ட் டு என்பது தள்ளிப்போட்டதை ஒருவழியாகச் செய்தல். இதற்கு உரை அடுத்த பதிப்பில்.

கெட் அவே வித் என்பது செய்த தப்புக்குத் தண்டனை இல்லாமல் நழுவுதல். எடுத்துக்காட்டு கைவசம் இல்லாத உரைகாரர் ‘வந்துழிக் காண்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவார். கம் அப் வித், டூ அவே வித், கோ இன் ஃபார் ஆகியவற்றின் பொருளும் பயனும் வந்துழிக் காண்க.