பொத்தான் போட கால் மணி நேரமா?

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகிறது. கேட்டால், "வயசாகுதுல்ல" என்கிறார். இது சோம்பலா, நோயா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சோம்பேறியாக இருந்தால் பொத்தானை உங்களையே போடச் சொல்லியிருப்பார்! மனுஷர் மல்லுக்கட்டுகிறார், அதுதான் யோசிக்க வைக்கிறது.

கொஞ்சம் துப்பறியுங்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறதா? எழுத எழுத எழுத்து பொடியாகிக்கொண்டே போகிறதா? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலத் திறந்து வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டத் தட்ட விரிப்பு குறுகி, வேகமும் குறைந்து, நடுவில் சிக்கிச் சிக்கி நின்றால் அதற்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நரம்பியல் மருத்துவர்களும் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள், ஃபீஸ் வாங்கிக்கொண்டு.

இது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். "கைதான் நடுங்கலையே" என்று நிம்மதி அடையாதீர்கள். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி 'நடுக்குவாதம்' என்று தலைப்பு வைத்து எழுதியதிலிருந்து எல்லோரும் நடுக்கத்தையே தேடுகிறோம். இன்றைய மருத்துவ அளவுகோலில் கட்டாயம் இருக்க வேண்டியது அசைவில் மந்தம்தான். நடுக்கம் இல்லாமலும் பார்க்கின்சன் வரும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதே காரணம். மாத்திரையால் நன்றாகவே சமாளிக்கலாம்.

பார்க்கின்சன் மட்டுமல்ல, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னாரிசின் மாத்திரைகூட ஆளை மந்தமாக்கும். எனவே வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அங்கே போனதும் கணவர் "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்பார். பேசும் பொறுப்பை வழக்கம்போல நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.