இரண்டாவது ரிமோட்

சிறுவயது வீடியோ கேம் என்பது ஒரு தொலைக்காட்சி, இரண்டு ரிமோட், ஐந்தாறு பிள்ளைகள் ஆகியவை ஓர் அறைக்குள் அகப்பட்டுக்கொள்ளும்போது உண்டாகும் சமூக நிலை. இதில் ஆடும் நேரம் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். வீடியோ கேம் ஒருவருடைய குணத்தை உருவாக்குகிறது என்றதும் பலரும் திரையில் ஓடிய பொம்மையையே நினைத்துக்கொள்கிறார்கள். பொம்மை யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. குணமும் நட்பும் உருவானதெல்லாம் "அடுத்தது யாருடா?" என்ற கேள்வியில்தான்.

இதை ஆராயக் கண்ணமங்கலம் ஏற்ற ஊர். திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி வட்டத்தில், வேலூரிலிருந்து வரும் சாலை ஆரணிக்கும் போளூருக்குமாகப் பிரியும் இடத்தில், நாகநதியை ஒட்டி இருக்கும் பட்டுத்தறி ஊர் அது. தறிக்காரர் வீட்டுக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. ஒன்று, அப்பா வேலைக்கு வெளியே போவதில்லை. தறிக்குழிக்குள் காலை விட்டபடி வீட்டிலேயே இருப்பார். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு 'அப்பா வரும் நேரம்' என்று ஒன்று உண்டு. தறிக்காரர் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு, வீட்டின் பெரிய அறையைத் தறி எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள இடத்தில்தான் சமையல், படிப்பு, விருந்தாளி, வீடியோ கேம் எல்லாம். எனவே ஆட்டம் முழுவதும் தறிச் சத்தத்தின் பின்னணியிலேயே நடந்தது. சத்தம் நின்றால் ஒன்று இழை அறுந்திருக்கும், அல்லது அப்பா எழுந்திருப்பார். கண்ணைத் திரையிலும் காதைப் பக்கத்து அறையிலும் வைத்திருக்கும் இந்தத் திறமை, பிற்காலத்தில் மேலாளரின் காலடி ஓசையை அறிய அலுவலகங்களில் பயன்படுகிறது.

கருவியின் வரலாறு சுருக்கமானது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-இல் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற பெட்டியை வெளியிட்டது. 1990-களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்துசேர்ந்தவை பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் செய்த அதன் நகல்கள். மூலப் பெட்டியில் இரண்டாவது ரிமோட்டுக்கு மட்டும் ஒரு மைக் உண்டு. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானும் தேர்வு செய்யும் பொத்தானும் கிடையாது. நகல் செய்தவர்களில் பலர் மைக்கை எடுத்துவிட்டுக் குறையை மட்டும் காப்பாற்றி வைத்தார்கள். இதனால் இரண்டாவது ரிமோட் வைத்திருப்பவனால் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, நிறுத்த முடியாது, அவசரத்துக்கு எழுந்துபோகவும் முடியாது. எல்லாவற்றுக்கும் முதல் ரிமோட்காரனிடம் மனுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரப் பையன் முதல் ரிமோட்டையும் வந்த பையன் இரண்டாவதையும் எடுத்துக்கொள்வது மரபு. வந்த வீட்டில் குரலை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு தலைமுறை இங்கேதான் பழகியது.

முறை வைக்கும் வழிகள் மூன்று. 'லைஃப் முறை'யில் பொம்மை செத்தால் ரிமோட் கை மாறும். 'ஸ்டேஜ் முறை'யில் ஒரு கட்டம் முடிந்தால் மாறும். இது நன்றாக ஆடுபவர்கள் கொண்டுவந்த சட்டம். 'நேர முறை' சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும்; இது ஆடத் தெரியாதவர்கள் கேட்ட சீர்திருத்தம். மூன்றுக்கும் மேலாக, "எங்க வீட்டு கரண்ட்" என்ற வாதத்துக்கு எப்போதும் மேல்முறையீடு கிடையாது.

ஆட்டத்துக்கு ஆட்டம் உருவாகும் குணம் வேறுபடும். ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்து 1985 செப்டம்பர் 13-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், உலகத்துக்கு நான்காக எட்டு உலகங்களில் 32 கட்டங்கள் கொண்டது. இருவர் ஆடலாம், ஆனால் ஒரே நேரத்தில் ஆட முடியாது. முதல் ஆளின் மாரியோ செத்தால்தான் இரண்டாம் ஆளின் லூயிஜிக்கு வாழ்வு. எனவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வாயால் "பாத்து, பாத்து, பள்ளம்டா" என்று எச்சரித்துக்கொண்டே மனத்தால் பள்ளத்துக்குத் துணை நிற்பான். நண்பனின் பதவி உயர்வுச் செய்திக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கான முதல் பயிற்சி இது.

கோனாமியின் கான்ட்ராவில் இருவரும் ஒன்றாக ஓடிச் சுடலாம். இங்கே சிக்கல் வேறு. அருவியில் மேலே ஏறும் கட்டத்தில் ஒருவன் வேகமாகத் தாவினால் திரையும் அவனோடு மேலே போகும். பின்தங்கியவன் எதிரி யாரும் தொடாமலேயே செத்துப்போவான். நண்பர்களில் முன்னே போகிறவன், நின்று கூட்டிப்போகிறவன் என்ற இரண்டு வகை இந்த அருவியில் தெளிவாகப் பிரிந்துவிடும். 'எஸ்' எழுத்துள்ள விசிறித் துப்பாக்கி பறந்து வரும்போது, "நீ எடுத்துக்கடா" என்று ஒதுங்கி நிற்பவர்கள் மூன்றாவது வகை. இவர்கள் அபூர்வம். பின்னாளில் ஊர்ப் பொதுக்காரியங்களுக்கு வசூல் நோட்டு இவர்கள் கையில்தான் கொடுக்கப்படுகிறது.

நாம்கோ நிறுவனத்தின் 1985-ஆம் ஆண்டு ஆட்டமான பேட்டில் சிட்டி பொதுவாக 'டேங்க் கேம்' எனப்படும். ஒரு கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள். மொத்தம் 35 கட்டங்கள். மஞ்சள் டாங்கியும் பச்சை டாங்கியும் சேர்ந்து கீழே உள்ள கழுகைக் காக்க வேண்டும். தோழனின் குண்டு பட்டால் டாங்கி சில விநாடி அசையாமல் நிற்கும். தோழனின் குண்டு கழுகின் மேல் பட்டால் ஆட்டமே முடிந்துவிடும். தோல்விகளில் எதிரியின் பங்கு சிறிதாகவும் கூட்டாளியின் பங்கு பெரிதாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு, கூட்டுத் தொழில் தொடங்கியவர்களுக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது.

துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் ஆட்டத்தில் குறி தப்பினால் நாய் சிரிக்கும். ஒற்றை வாத்து ஆட்டத்தில் சாதாரண ரிமோட்டைக் கொண்டு வாத்தைத் திருப்ப முடியும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து வாத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான். அவனையும் நாயையும் தவிர அறையில் வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அறிவு பரவும் முறையும் கவனிக்கத்தக்கது. கான்ட்ராவில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தித் தொடங்கினால் மூன்றுக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும். கோனாமியில் பணியாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, கிரேடியஸ் என்ற ஆட்டம் தமக்கே கடினமாக இருந்ததால் சோதனைக்காக இந்த வரிசையை வைத்து, 1986-இல் எடுக்க மறந்து வெளியே விட்டார். அது பத்திரிகைகள் வழியாகவும் வாய்வழியாகவும் உலகைச் சுற்றித் தறித் தெருக்களுக்கும் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் வேலூரில் அத்தை வீடு உள்ள ஒரு பையன் இதன் ஆசிரியனாக இருந்தான். அவன் கையை மறைத்துக்கொண்டு அழுத்துவான். சொல்லிக்கொடுக்கக் கட்டணமாக வீட்டுப்பாடம் எழுதி வாங்குவான்.

காசெட் வகைகளும் ஒரு பாடம் நடத்தின. மேலே '9999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். பட்டியலில் கீழே இறங்கினால் பத்து இருபதுக்குப் பிறகு அதே மாரியோ மூன்றாம் உலகத்திலிருந்தும், அதே டாங்கி எட்டாம் கட்டத்திலிருந்தும் புதுப்பெயரில் வரும். தேர்தல் வாக்குறுதி, வீட்டுமனை விளம்பரம் ஆகியவற்றை இந்தத் தலைமுறை நிதானமாக வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடாத காசெட்டை வாயால் ஊதிப் போடுவது அனைவரும் ஏற்ற வைத்தியம். எச்சில் ஈரம் உலோக முனைகளை அரிக்கும் என்பதால் ஊத வேண்டாம் என்றது நிண்டெண்டோ. கழற்றி மறுபடி செருகும்போது முனைகள் சரியாகப் பொருந்துவதால்தான் பெரும்பாலும் அது ஓடியது. புகழ் மட்டும் ஊதியவனுக்குப் போனது.

மின்வெட்டு தனிக் கவனத்துக்கு உரியது. மாரியோவில் விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. ஏழாம் உலகத்தில் மின்சாரம் போனால் வந்ததும் முதல் உலகம். கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே தறியூரில் மின்வெட்டு பிள்ளையின் வேலையை நிறுத்தும், அப்பாவின் வேலையை நிறுத்தாது. சும்மா இருக்கும் பிள்ளை உடனே கண்ணில் படும். "இங்க வந்து தார் சுத்து" என்ற குரல் வரும். நாடாவுக்குள் வைக்கும் தாரில் இழை சுற்றியபடி, இழந்த ஏழாம் உலகத்தை நினைத்துப்பார்ப்பது ஒரு பிள்ளைக்குத் தத்துவ ஞானம் தர வல்லது. சில நண்பர்கள் கூடவே உட்கார்ந்து சுற்றிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் மின்சாரம் போன கணமே தங்கள் வீட்டில் அவசர வேலை இருப்பதை நினைவுகூர்ந்தார்கள். ஊரில் நட்பின் தரம் பிரிந்தது இந்த ஒரு நிமிடத்தில்.

"அந்தப் பொட்டியில அப்படி என்னதான் இருக்குது?" என்று அப்பா கேட்பார். அவர் தலைக்கு மேலேயே இன்னொரு பெட்டி இருக்கும். ஃபிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய ஜக்கார்டு பெட்டி, அட்டையில் ஓட்டை இருந்தால் இழையைத் தூக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். சேலைக் கரையின் டிசைனைக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி அட்டை குத்துவார்கள். சின்ன மாரியோவும் பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள் நிரப்பிய உருவம்தான். அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால், வானத்து மேகத்தையே பச்சையாக்கித் தரையில் புதராக வைத்தார்கள். ஒரே புட்டாவை நிறம் மாற்றி வேறு சேலையாக விற்பது தறியூருக்குப் பழைய செய்தி. அப்பாவும் மகனும் ஒரே குலத்தொழிலின் இரண்டு கிளைகளில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

அக்காமார்களுக்கு ரிமோட் அரிதாகவே கிடைத்தது. கிடைத்தது கையடக்கமான 'பிரிக் கேம்'. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1980-களில் எழுதிய டெட்ரிஸ் அது. உருவாக்கியவருக்கு அதற்கான உரிமைத்தொகை 1996-க்குப் பிறகுதான் வரத் தொடங்கியது; கூலி பாக்கி எப்போது வரும் என்று காத்திருக்கும் நெசவாளர் வீட்டில் இது வியப்பூட்டும் செய்தி அன்று. டெட்ரிஸ் ஆடியவர்களுக்குத் தூங்கப் போகும்போது துண்டுகள் விழுவது தெரிகிறது என்றும், ஆடியதே நினைவில்லாத மறதி நோயாளிகளுக்கும் அது தெரிந்தது என்றும் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு 2000-இல் எழுதினார். தம்பிகள் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அக்காமார்கள் இடைவெளி விடாமல் அடுக்கக் கற்றார்கள். இன்று குடும்பப் பயணத்தில் வண்டியின் பின்பக்கத்தில் பைகளை அடுக்குபவர் யார் என்று பார்த்தால் விளங்கும்.

ஒரே திரைக்கு முறை வைத்துக் காத்திருக்கும் இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது அரசு. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டியை வீடு வீடாகக் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஒன்று இருந்த வீட்டில் அம்மாவின் தொடருக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று என்றாயிற்று. வரிசை குறைந்தது, வரிசை குறைந்த அளவுக்கு "எங்க வீட்டு கரண்ட்" வாதத்தின் பலமும் குறைந்தது. 2011-இல் வந்த இலவச மடிக்கணினி பள்ளி இறுதி மாணவருக்கு ஆளுக்கு ஒரு திரை தந்தது. பென்டிரைவில் வைஸ் சிட்டி என்ற ஆட்டம் வந்தது. அதில் இரண்டாவது ரிமோட்டே இல்லை.

கைப்பேசி பிரிவினையை முடித்துவைத்தது. 1997-இல் நோக்கியா 6110-இல் வந்த பாம்பு ஆட்டத்தில், சுவரில் மோதினாலோ தன் வாலைத் தானே கடித்தாலோதான் சாவு. குற்றம் சாட்ட ஆள் இல்லை. 2018-இல் வந்த பப்ஜி மொபைல் நூறு பேரை ஒரு தீவில் இறக்கி, நான்கு பேரை ஒரு குழுவாக்கியது. கோயில் திண்ணையில் நால்வர் நான்கு திரைகளைக் குனிந்து பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவனிடம் மைக்கில் பேசினார்கள். எனினும் பழைய தேர்வு அங்கும் நடந்தது. அடிபட்டு விழுந்தவனை ரிவைவ் செய்ய ஓடி வருபவன் ஒரு வகை. விழுந்தவன் சாகும்வரை காத்திருந்து அவன் பெட்டியில் லூட் எடுப்பவன் இன்னொரு வகை. வீட்டுக்காரப் பையனின் இடத்துக்கு ஹாட்ஸ்பாட் தருபவன் வந்தான். "என் நெட்டு" என்பதற்கும் மேல்முறையீடு இல்லை. 2020 செப்டம்பர் 2-இல் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தபோது சில குழுக்கள் வேறு ஆட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. சில குழுக்கள் பேச வேறு விஷயம் இல்லாமல் கலைந்தன.

துப்பாக்கி ஆட்டம் பிள்ளையை முரடனாக்கும் என்ற கவலைக்கு ஆய்வுகள் முழு ஆதரவு தரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் கார்டிஃபின் நெட்டா வைன்ஸ்டீனும் பிரிட்டனில் 14, 15 வயதினரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, வன்முறை ஆட்டத்துக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதை நோய்ப் பட்டியலில் சேர்த்த உலக சுகாதார நிறுவனம், பொதுவாக 12 மாதம் அந்த நிலை தொடர வேண்டும் என்கிறது. பழைய கண்ணமங்கலத்துப் பிள்ளை யாருக்கும் அந்த நோய் வந்திருக்க வழியில்லை. மின்சாரம் அவ்வளவு நேரம் தொடர்ந்ததில்லை.

கடைசியாக, காசெட் கடன். நண்பனிடம் "நாளைக்குத் தரேன்" என்று வாங்கிப்போன காசெட் திரும்பி வருவது வழக்கமில்லை. ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறந்துபோயின. கொடுக்காதவனின் பெயர், தெரு, அப்பாவின் தறி எண்ணிக்கை, இப்போது எந்த ஊரில் என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்பதுவரை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தவறாமல் விசாரிக்கப்பட்டு வருகிறது. அவன் மகள் திருமணத்துக்கு அழைப்பு வந்தால் முதலில் போகிறவரும் கடன் கொடுத்தவர்தான்.