கால்மாற்றுச் சிக்கல்: ஸ்ப்ளெண்டரிலிருந்து புல்லட்டுக்குப் பெயர்ந்தோர் குறித்த ஓர் ஆய்வு

வண்டி மாற்றுதல் என்பது இந்நாட்டில் இதுவரை ஒரு பண விவகாரமாகவே ஆராயப்பட்டு வந்திருக்கிறது. விற்றவர் எவ்வளவுக்கு விற்றார், வாங்கியவர் எவ்வளவுக்கு ஏமாந்தார், ஆர்.சி.யில் பேர் மாற்றப் புரோக்கர் எவ்வளவு கேட்டார் என்பதோடு அறிஞர்கள் நின்றுவிட்டனர். வாங்கியவருடைய கால் என்ன ஆயிற்று என்று கேட்டார் இலர். அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

முதற்கண் ஆய்வெல்லை. மொபெட்டிலிருந்து கியர் வண்டிக்கு வந்தவர்களை இங்கே சேர்க்கவில்லை; அவர்களுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பஜாஜ் சேத்தக்கில் இடக்கையால் கியர் திருகிவிட்டுப் பின்னாளில் பைக்குக்கு வந்த பெரியவர்களையும் சேர்க்கவில்லை. அவர்கள் சிக்னல்தோறும் கைப்பிடியை முறுக்கிப் பார்த்துவிட்டு அசடு வழிவதோடு சரி, சேதம் குறைவு. மைசூரில் உருவான யெஸ்டியில் உதைக்கும் கிக்கரே திரும்பி வந்து கியர் லீவராக நிற்கும். அது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய பொருளாகையால் அதையும் தொடவில்லை. எஞ்சியது ஒன்றே: பல்லாண்டு ஸ்ப்ளெண்டர் ஓட்டிய ஒருவர், வலப்பக்கம் கியர் உள்ள பழைய புல்லட்டுக்கு உரிமையாளர் ஆதல்.

ஆய்வுக்கு உட்பட்டவர் என் மச்சான், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற்ற போலீஸ் ரைட்டர் ஒருவரிடமிருந்து புல்லட்டை வாங்கினார். ஆய்வுக்கு அவருடைய ஒப்புதல் பெறப்படவில்லை. கேட்டால் தரமாட்டார் என்பது முன்பே தெரிந்திருந்ததால் கேட்கும் பிழை தவிர்க்கப்பட்டது.

இரண்டு வண்டிகளின் இலக்கணத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ப்ளெண்டர் 97.2 சி.சி.; எடை சுமார் 110 கிலோ; உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மில்லிமீட்டர். புல்லட் 346 சி.சி.; எடை 160 கிலோவுக்கு மேல்; பிஸ்டன் நடக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஆகவே முன்னது முணுமுணுக்கும், பின்னது ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசும். இந்த வேறுபாடுகளால் யாருக்கும் தீங்கில்லை. தீங்கு கால்மாட்டில் இருக்கிறது.

ஸ்ப்ளெண்டரில் இடக்கால் கியருக்கு, வலக்கால் பிரேக்குக்கு. நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். பழைய புல்லட்டில் வலக்கால் கியருக்கு, இடக்கால் பிரேக்குக்கு. முதல் கியர் மேலே தூக்கினால் விழும், மற்ற மூன்றும் கீழே மிதித்தால் விழும். இவ்விரண்டையும் ஒரே உடம்பில் பொருத்திப் பார்த்தால் பின்வரும் முடிவு தானே பெறப்படும்: ஸ்ப்ளெண்டர்க்காரர் புல்லட்டை நிறுத்த எண்ணிக் கிளட்சைப் பிடித்து வலக்காலை அழுத்தினால், வண்டி நிற்காது, அடுத்த பெரிய கியருக்குப் போகும். வேகம் கூட்ட எண்ணி இடக்காலை அழுத்தினால், வண்டி நிற்கும். அதாவது நிற்க நினைத்தவர் போவார், போக நினைத்தவர் நிற்பார். தத்துவ நூல்களில் இதற்கு வேறு பெயர்கள் இருக்கலாம். தஞ்சைக் கீழவாசலில் இதற்கு வழங்கும் பெயரை அச்சிட இயலாது.

பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை இந்த முடிவை எந்த ஆராய்ச்சியும் இன்றியே எட்டினாள். “ஏங்க, நீங்க நிறுத்துறீங்களா, ஓட்டுறீங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, அதுக்குத் தக்க நான் பிடிச்சுக்கறேன்.”

‘வலப்பக்கம் கியர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதுமே, இதில் சிக்கல் யாது?’ எனின், அற்றன்று. மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறுக்கே ஆடு வரும்போது மனம் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, முடிவெடுப்பது கால். காலுக்கு வலப்பக்கம் கியர் என்ற செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. எனவேதான் மச்சான் நேர்ச்சாலையில் பேரறிஞராகவும், ஆடு கண்ட இடத்தில் பழைய ஸ்ப்ளெண்டர்க்காரராகவும் விளங்கினார்.

இந்த முரண்பாட்டுக்குப் பொறுப்பு யார் என்ற வினா எழும். புல்லட் என்ற பெயர் 1932இலேயே இங்கிலாந்தின் ரெடிச் நகரில் வைக்கப்பட்டது. அக்காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் கியர் வலப்பக்கமே. 1955இல், பெயர் வைத்த அந்த ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை உண்டாக்க, திருவொற்றியூரில் புல்லட் பிறக்கத் தொடங்கியது. பிறகு அமெரிக்க அரசு, 1974 செப்டம்பர் முதல் தன் நாட்டில் விற்கும் பைக்குகளுக்கெல்லாம் கியர் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்று விதித்தது. டிரையம்ப், நார்ட்டன் முதலிய ஆங்கிலேய வண்டிகளும் முணகிக்கொண்டே லீவரை இடம் மாற்றின. ரெடிச் நிறுவனத்தின் வண்டிகளோ 1970லேயே இங்கிலாந்தில் நின்றுபோய்விட்டன. மாற்றிக்கொள்ளுமாறு சொல்லும் தாய் வீடு இல்லை. அமெரிக்காவின் விதி திருவொற்றியூருக்குப் பொருட்டும் இல்லை. ஆகவே ரெடிச்சில் கற்றதைத் திருவொற்றியூர் மேலும் பல ஆண்டு வலக்காலாலேயே செய்துவந்தது. உள்நாட்டுப் புல்லட்டுக்கு இடக்கால் கியர் மெல்ல வந்தது 2000க்குப் பிறகுதான். தப்புத் தப்பாக மிதித்து மச்சானின் கணுக்கால் வீங்கியதற்கு மூலகாரணம் இதுவே. அவருடைய உடல்வாகை இதில் குறை சொல்வது ஆராய்ச்சி நேர்மை ஆகாது.

கிக்கர் இயல் தனியே விரித்துரைக்கத் தக்கது. ஸ்ப்ளெண்டரை உதைப்பதற்கு அறிவு வேண்டாம். செருப்புப் போட்டிருந்தால் போதும். புல்லட்டுக்கு முறை உண்டு. சாவியைப் போட்டதும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். உள்ளே பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பது அதன் பொருள். அப்போது டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் முழுமூச்சாக ஓர் உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அது எவரையும் பாரபட்சமின்றி அடிக்கும். ரைட்டரையும் அடித்திருப்பதாக அவரே விற்ற பிறகு சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வண்டி கிளம்பும் முன் ஒரு மனிதன் குனிந்து, மூச்சடக்கி, ஒரு சிறு முள்ளின் அசைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறான்தான். ஆயினும் பதற்றத்தோடு போவதில்லை. பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு இந்த நிதானம் தெருவிலிருந்து ஒழிந்தது என்பது என் துணிபு. மறுப்போர் தம் வீட்டு வாசலில் மறுத்துக்கொள்ளலாம்.

உரிமையாளரின் சமூக நிலை மாறுவதும் கருதத்தக்கது. ஸ்ப்ளெண்டரில் போனவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. புல்லட்டை நிறுத்திய இடமெல்லாம் ஒருவர் அருகில் வந்து, “என்ன குடுக்குது?” என்று கேட்கிறார். இவ்வினா மைலேஜைக் குறித்தது என்பது உரையாசிரியர் அனைவர்க்கும் உடன்பாடு. உண்மையான விடை, ஸ்ப்ளெண்டர் கொடுத்ததில் பாதி. மச்சான் சொல்லும் விடை அதைவிடக் கூடுதல். கேட்டவரும் நம்புவதில்லை, ஆனால் இருவருக்கும் திருப்தி. வண்டிக்கடியில் சொட்டிய ஆயிலைச் சுட்டினால், “ஒழுகலன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்” என்பது புல்லட் மரபில் வாய்வழியாக வந்த மறுமொழி. வண்டியோடு சேர்த்து இதுவும் கைமாறுகிறது.

மெக்கானிக்கும் மாறுகிறார். ஸ்ப்ளெண்டரை எவரும் கழற்றலாம். புல்லட் மெக்கானிக் அப்படிப்பட்டவர் அல்லர். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, டேப்பெட் சரியா என்று அறியப் புஷ் ராடை இரு விரலால் சுழற்றிப் பார்க்கிறார். இலகுவாகச் சுழன்றால் சரி. அவ்விரல்களே அவருடைய பல்கலைக்கழகப் பட்டம். மச்சானின் குறையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “சார், வண்டில ஒண்ணும் இல்ல. வீட்டுல அந்தப் பழைய வண்டி இன்னும் நிக்குதா? அத மொதல்ல குடுத்துருங்க.”

இக்கருத்தின் ஆழம் பின்னர்தான் விளங்கிற்று. கால் ஒருவாறு வலப்பக்கக் கியருக்குப் பழகியதும், மச்சான் அவசரத்துக்கு ஸ்ப்ளெண்டரை எடுத்துப் பால் வாங்கப் போனார். இப்போது அதிலும் நிற்க நினைத்த இடத்தில் நிற்கவில்லை. பழைய பழக்கம் போய்ப் புதியது வந்தது என்று எண்ணியது தவறு. இரண்டும் உள்ளே இருந்துகொண்டு, எது முந்துவது என்பதில் வழக்காடிக்கொண்டிருக்கின்றன. ஸ்ப்ளெண்டரை அந்த வாரமே விற்றுவிட்டார்கள். பால் இப்போது என் தங்கை நடந்து போய் வாங்குகிறாள்.

ஆதலின் போக்குவரத்துத் துறைக்கு ஒரு விண்ணப்பம். வண்டி கைமாறும்போது, விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29 இருக்கிறது. பேர் மாற்றப் படிவம் 30 இருக்கிறது. எஞ்சின் எண்ணைக் கேட்கிறார்கள், சேஸிஸ் எண்ணைக் கேட்கிறார்கள்; வாங்குபவரின் கால் எந்த வண்டியில் பழகியது என்று ஓரிடத்திலும் கேட்பதில்லை. அதற்கென ஒரு கட்டம் சேர்த்தால் போதும். கட்டணம் விதித்தாலும் தருவோம். கட்டம் வரும்வரை, பழைய புல்லட்டில் ஒருவர் தம் காலையே பார்த்துக்கொண்டு எதிரே வருவாரானால், வாசகர்கள் தயவுசெய்து சற்று ஓரமாகப் போகவும். ஹார்ன் அடிக்க வேண்டாம். பதறிப் பிரேக் பிடிப்பார்.