இங்கர்சாலுக்கு ஆட்டு வேஷம்

நார்த்தாம்ப்டன்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொன்னது உங்களுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. பேரன் மதம் மாறவில்லை. அவன் படிப்பது பாதிரியார் நடத்தும் பள்ளியும் இல்லை. சாதாரண அரசுப் பள்ளிதான். ஆனாலும் அங்கே ஜெபம் உண்டு. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எதுவானாலும் தினமும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்று 1944-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சர்ச் சாராத பள்ளியிலும் அது பெரும்பாலும் கிறிஸ்தவச் சாயலோடு இருக்க வேண்டும் என்று 1988-ல் தாட்சர் ஆட்சி சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், வழிபடத்தான் ஆள் குறைந்துகொண்டே போகிறது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 46.2 சதவீதம், மதமே இல்லை என்றவர்கள் 37.2. என் ஆபீஸில் ஒருவர், கடவுள் பேச்சை எடுத்தாலே சிரிப்பார், ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் இருப்பார். பக்கத்துச் சர்ச் பள்ளியில் இடத்துக்கு அடிபிடி. ஒழுங்காக வந்துபோகிறவர் என்று பாதிரியார் கையெழுத்துப் போட்டால் முன்னுரிமை. நம்மூரில் எல்கேஜி சீட்டுக்கு எம்எல்ஏ சிபாரிசு என்றால் இங்கே கர்த்தர் சிபாரிசு. மகளுக்கு இடம் கிடைத்த மறுவாரமே மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை முதுகுவலி வந்துவிடும் பாருங்கள்.

நீங்கள் ஆசையாய்ப் பகுத்தறிவாளர் இங்கர்சாலின் பெயரை வைத்த பிள்ளை, இப்போது தட்டின் முன் கைகூப்பி ‘ஆமென்’ சொல்கிறான். கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அதைத் தந்ததற்கு நன்றியும் சொல்கிறான். பெல்ஃபாஸ்டில் ஒரு குழந்தை இப்படிச் சாப்பாட்டு ஜெபம் சொல்லப்போய், மதமில்லாத அதன் அப்பா குழந்தையோடு சேர்ந்து வழக்கே போட்டுவிட்டார். இந்த மாதம் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வட அயர்லாந்துக்கு. நார்த்தாம்ப்டனில் ஆமென் தொடர்கிறது.

எழுதிக் கொடுத்து விலக்கிவிடு என்கிறீர்கள். செய்யலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் மற்ற பிள்ளைகள் ஹாலில் பாடும்போது இவன் மட்டும் லைப்ரரியில் உட்கார்ந்து டைனோசருக்குக் கலர் அடித்துக்கொண்டிருப்பான். ஆறு வயசுக்கு அது கொள்கையா, தண்டனையா? உங்கள் கொள்கைக்கு ஊர்ப்பகையை நீங்கள் சுமந்தீர்கள், என்னைச் சுமக்கவிடவில்லை. இங்கே வழிபாட்டை நடுஹாலில் வைத்துவிட்டு, வேண்டாத குழந்தைக்கு வாசலைக் காட்டுவதற்கு உரிமை என்று பெயர். பெல்ஃபாஸ்ட் வழக்கிலும் அரசுத் தரப்பு இந்த உரிமையைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது, எடுபடவில்லை.

இத்தனைக்கும் இது நாத்திகர் ஜெயித்த ஊர். சார்லஸ் பிராட்லா 1880-ல் இந்தத் தொகுதியில்தான் வென்றார். கடவுள் பேரில் சத்தியப்பிரமாணம் என்ற தகராறு ஓய்ந்து அவர் நாடாளுமன்றத்தில் நிலையாக உட்கார 1886 ஆயிற்று. அவரோடு மேடைமேடையாக நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட்தான் பிற்பாடு அடையாறில் பிரம்மஞான சபைத் தலைவரானார். நமக்கு வாய்த்தது அவ்வளவுதான். அபிங்டன் சதுக்கத்தில் பிராட்லா சிலை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பேரனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். “இவர் மேய்ப்பரா? நட்சத்திரத்தைக் காட்டுறாரா?” என்று கேட்டான்.

மேய்ப்பர் எங்கிருந்து வந்தார் என்றால், அடுத்த மாதம் பள்ளியில் இயேசு பிறப்பு நாடகம். மரியாள் ஒரு பாகிஸ்தானியப் பெண். ஞானிகளில் ஒருவன் குஜராத்தி. யோசேப்பு வேஷம் கேட்டு ஏமாந்த நம் ஆளுக்கு ஆட்டு வேஷம். இதை நான் தடுக்கப்போவதில்லை. திருவிழாக் கூத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனவர்தானே நீங்கள்? திரும்பும் வழியெல்லாம் ராமனைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்டும் வைத்தீர்கள். கதை தெரியட்டும், கேள்வியை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணை மூடு, கையைக் கூப்பு என்பதில்தான் எனக்குச் சண்டை.

ஆட்டு உடை அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டுமாம். வெள்ளைத் துணி தேடிக்கொண்டிருந்தேன். “எல்லா ஆடும் வெள்ளையாவே இருக்கணுமா?” என்கிறான். எந்த நிறமானாலும் சரி என்று டீச்சரும் சொல்லிவிட்டார். அதனால் உங்கள் பழைய கறுப்புச் சட்டை ஒன்றைச் சீக்கிரம் கூரியரில் போடுங்கள். கையை வெட்டி நான் தைத்துக்கொள்கிறேன்.

அன்பு மகள்