பிரட்டுக்களத்தில் புன்னகை

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் வழியில் உக்குவளையில் நிற்கும். கோப்பிக் காலத்தின் கடைசியில், 1880-இல் திறந்த பாதை அது. வந்ததும் போனதும் இந்தப் பாதைக்குத் தெரியும்: கோப்பி போனது, தேயிலை வந்தது, கொக்கோ, மிளகு, கராம்பு எல்லாம் ஏறி இறங்கின. அண்மைக்காலமாக இந்தப் பக்கம் வந்திறங்கும் புதிய சரக்குக்குப் பெயர் ‘நேர்மறைப் பணிக் கலாசாரம்’.

இந்தச் சரக்கு பெரும்பாலும் ஹோட்டல் மண்டபத்தில்தான் பிரிக்கப்படும். கொழும்பிலிருந்து ஒரு பயிற்றுநர் வருவார். வந்ததும் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் மேலதிகாரியாக இருந்துவிட்டால் நல்ல வார்த்தைகள் தட்டுப்பாடின்றி வரும். பலூன் உடைப்பார்கள், காகித விமானம் விடுவார்கள். கடைசியில் சுவரில் ஒரு பெரிய தாள் ஏறும்: ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’. அதன் பிறகு பஃபே.

உக்குவளையைச் சுற்றியுள்ள தோட்டத்து ஆட்களிடம் ‘ஒரே குடும்பம்’ என்று சொல்லும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் அதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த பெரிய கங்காணி தன் ஊரிலிருந்தே, தன் சொந்தபந்தத்திலிருந்தே ஆள் கட்டிக்கொண்டு வந்தார். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்கு மாமா, சித்தப்பா, கடன் கொடுத்தவர் மூவரும் அவர் ஒருவரே. வழிச்செலவும் அரிசியும் கடன் கணக்கில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளின் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து ஆளை எடுக்கும். கடன் அங்கே புதிதாகத் தொடங்கும். விலகும் ஊழியரை உட்காரவைத்து ‘ஏன் போகிறீர்கள்?’ என்று கேட்பது இன்றைய நிறுவனங்களின் நாகரிகம். துண்டுக் காலத்தில் கேள்வி இன்னும் சுருக்கம்: ‘எவ்வளவு?’ 1921-இல் சட்டம் போட்டுத்தான் அந்தக் குடும்பப் பாசத்தை நிறுத்த முடிந்தது.

கொழும்பு மென்பொருள் கம்பனிகளில் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கால்மணி நேரம் பேசுகிறார்கள். உட்கார்ந்தால் கூட்டம் நீளும் என்பதால் நின்றே பேச வேண்டுமாம். இதை மேல்நாட்டிலிருந்து கற்றதாக அவர்கள் நம்புகிறார்கள். தோட்டத்தில் அதற்குப் பிரட்டு என்று பெயர். நூறு வருடத்துக்கு மேல் வயது. முன்பெல்லாம் விடியுமுன் தப்புப் பறைச் சத்தம் கேட்கும். லயக் குடியிருப்பின் காம்பராவிலிருந்து எழும்பி, பிளேன்டீயை வாயில் ஊற்றிக்கொண்டு, பிரட்டுக்களத்தில் வந்து நின்றுவிட வேண்டும். இன்று எந்த மலை, யாருக்கு எந்த நிரை என்று அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரே வித்தியாசம், கொழும்பில் நிற்பவர்கள் பேசுவார்கள். பிரட்டில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

நியாயமாகச் சொன்னால் எல்லாவற்றிலும் தோட்டம் பின்தங்கவில்லை. வேலைக்கு வரும் தாய்மாருக்காகக் குழந்தைகள் காப்பகம் திறந்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துப் போடுகிற கம்பனிகள் இன்று உண்டு. பிள்ளைக்காம்பரா தோட்டத்தில் பல தலைமுறைப் பழக்கம். தொட்டில் கட்டுவதற்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

ஊழியர் மனநிலையை அறியக் கருத்துக்கணிப்பு நடத்துவதும் புதிய வழக்கந்தான். ‘உங்கள் பெயர் வெளியே வராது’ என்று முதல் வரியில் உறுதி கொடுத்துவிட்டு, இரண்டாம் வரியில் ஊழியர் இலக்கம் கேட்பார்கள். மலையகத்தில் இந்தக் கணிப்பை முதலில் உருப்படியாகச் செய்தவர் தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசையர். தோட்டம் தனியார் காணி; வெளியாள் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல். அதனால் அவர் புடவை வியாபாரி வேடம் போட்டுத் துணி மூட்டையோடு உள்ளே போய், லயத்து நிலைமையைக் கண்ணால் பார்த்தார். சேலைக்கு விலை பேசுகிற சாக்கில் சம்பளக் கணக்கும் வெளியே வந்திருக்கும் என்று ஊகிக்க அதிக கற்பனை வேண்டாம். பிறகு 1931-இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். எந்தப் படிவத்திலும் கிடைக்காத பதில்கள் ஒரு துணி மூட்டைக்குக் கிடைத்தன.

அதே காலத்தில், 1924 முதல் 1932 வரை, சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதோர்ன் என்ற தொழிற்சாலையில், தொழிலாளர் எப்போது கூடுதலாக வேலை செய்வார்கள் என்று ஆராய்ச்சி நடந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் குறையவில்லை. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலேயே ஆட்கள் உற்சாகமாக வேலை செய்தார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் சரிதானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். தோட்டத்துக்கு அது செல்லாது. இங்கே கங்காணி நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். உற்சாகம் பொங்கியதாகத் தகவல் இல்லை.

உற்சாகத்துக்கும் சம்பளத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் பேசுவது பயிற்சி வகுப்புகளின் தனித் திறமை. தோட்டத்தில் அந்த வசதி கிடையாது. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். 18 கிலோ என்பது பரவலாகக் காதில் விழும் எண். எடை குறைந்தால் அரைப்பேர். முழு ஆள் மலை ஏறி, முழு நாளும் மழையில் நின்று, மாலையில் பாதி ஆளாகச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பதிவாவது எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் வராத அதிசயம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். வர்த்தமானியில் அந்த ஆயிரம் வந்தது 2021-இல். அதற்குள் ஆயிரம் ரூபாயே இளைத்துவிட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ரூபாய் ஆக்கி, வேலைக்கு வந்ததற்காக அரசு நாளுக்கு 200 ரூபாய் சேர்த்துத் தருவதாக முன்மொழிந்தார்கள். வரவுக்குக் காசு என்பது புதிதல்ல. முன்பும் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. அது கங்காணிக்குப் போனது. இவ்வளவு காலத்தில் அந்தக் காசு கைமாறியிருக்கிறது என்பதை முன்னேற்றம் என்றே எழுதலாம். தீபாவளிக்கும் காசு உண்டு. நகரத்தில் அதைப் போனஸ் என்று வாங்கிச் சாப்பிட்டு மறந்துவிடுவார்கள். தோட்டத்தில் அது முற்பணம், வெடி வெடித்து முடிந்த பிறகும் மாதாமாதம் சம்பளத்தில் வெடிக்கும்.

உருப்படியான மாற்றங்கள் வேறு வழியாகத்தான் வந்திருக்கின்றன. கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே வேலை செய்தார்கள். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. பி. விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கிப் போராடினார். கழிவறைக்குப் போகும் உரிமையும் அந்தப் போராட்டத்தில் ஒன்று. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. துணிக்கடைகளின் தலைநகரான தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. இருக்கை போடு என்பதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. சுவரொட்டி ஒட்டியிருந்தால் முதலாளிகள் ‘எழுந்து நில், உயர்ந்து நில்’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள்.

கொழுந்து மலையில் நாற்காலி கேட்பார் இல்லை. மறைவிடம் கேட்கிறார்கள். காலையில் ஏறிய பெண் மத்தியானம்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது விரதத்தால் அல்ல. குடித்தால் போக இடமில்லை என்பதால். கேட்டால், சரிவான மலை, எங்கே கட்டுவது, தண்ணீரை எப்படி ஏற்றுவது என்று தொழில்நுட்பக் காரணங்கள் வரிசையாக வரும். இதே உக்குவளையில்தான், பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் மலையைக் குடைந்து, தண்ணீரைக் கொண்டுவந்து 1976-இல் மின்நிலையத்தை ஓட்டினார்கள். ஒரு ஆறே மலைக்குள்ளால் வந்துவிட்டது. நாலு சுவரும் ஒரு கதவும் ஒரு வாளித் தண்ணீரும் இன்னும் ஆய்வில் இருக்கின்றன. அந்த ஆய்வுக் கூட்டங்களில் இருப்பவர்கள் அரைமணிக்கு ஒருதரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டு வருகிறார்கள்.