கயிறும் கையெழுத்தும்

1996 சீசன். சாரல் விழுந்ததும் பள்ளியை விட்டுவிட்டு குற்றாலம் ஐந்தருவிக்கு ஓடினோம். கம்பியைப் பிடித்து நின்ற கைகளில் எல்லாம் கலர் கயிறு. நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு, எந்தச் சாதிப் பையன் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு தண்ணீர் கொட்டியும் சாயம் போகவில்லை. என் கையிலும் ஒரு கயிறு இருந்தது.

1995 ஆகஸ்டில், சாதி மோதல்களுக்கு நடுவே, கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகள் மீது போலீஸ் தாக்குதல். அதற்குப் பின் தென்மாவட்டங்களில் பஸ் ஓடாத நாட்களும் பள்ளி திறக்காத நாட்களுமாகக் கழிந்தன. மோதலைத் தணிக்க 1997-இல் மாநில அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை எடுத்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது. பஸ்ஸில் பெயர் மாறியது. வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது மாறவில்லை.

அன்று எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் நாலைந்து பெரிய வீட்டுக்காரர்கள். தண்ணீர்த் தொட்டி அவர்கள் பணத்தில் கட்டியது. எந்தக் குழாயில் யார் குடிப்பது என்பதையும் அவர்களே சொன்னார்கள். தலைமையாசிரியரால் வாய் திறக்க முடியவில்லை.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. இன்று அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவனாக நான் இருக்கிறேன். 24 பேரில் முக்கால்வாசி பெற்றோர். தலைவி, பீடி சுற்றும் ஓர் அக்கா. மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி வருகிறது: 101 முதல் 250 பேர் வரை என்றால் வருடத்துக்கு 50,000 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் எந்தத் தெருவும் தன்னுடையது என்று சொல்ல முடியாத பணம். அதனால்தான், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்று 2024-25-க்கான பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது எனக்குப் பயம் வந்தது. அரசுப் பணம் நின்றால் தொட்டி கட்ட யார் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கயிறு இன்னும் அறுபடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஓர் அண்ணனையும் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றைப் பிள்ளை கழற்ற வேண்டுமானால் முதலில் வீடு கழற்ற வேண்டும். அப்படி வீடு முன்வந்த ஊர் உண்டு: பெல்ஃபாஸ்ட்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த 1981-இல், மோதிக்கொண்டிருந்த இரு கிறிஸ்தவப் பிரிவுப் பெற்றோரும் சேர்ந்து 28 பிள்ளைகளோடு லேகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அரசுப் பணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக நான்கு குழாய் போடத் தீர்மானம். “எது யாருக்கு?” என்று ஒருவர் பழைய கேள்வியைக் கேட்டார்.

“எல்லாத்துக்கும் ஒரே தொட்டித் தண்ணிதான அண்ணாச்சி” என்றார் அக்கா.

இலை வெட்டிக் காய்த்த விரல்களால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டார். அடுத்த தெரு அம்மா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.